கூண்டா, ஓடா? மாக்ஸ் வெபர் விட்டுப்போன கேள்வி

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரை நகரம் ஒன்றில், ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் தொழில் தொடங்கினார். முதல் நோயாளி வந்து படுத்தார். மருத்துவர் கருவியை மூக்கருகே கொண்டுபோவதற்குள் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, தாம் இன்ன தெருவிலுள்ள பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர் என்று மிடுக்காக அறிவித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மூக்கு நோவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன சம்பந்தம்? குழம்பிப்போன மருத்துவர் உள்ளூர் நண்பர் ஒருவரிடம் கேட்டார். நண்பர் சிரித்தார். ஃபீஸ் ஒழுங்காக வந்துசேரும், கவலை வேண்டாம் என்பதைத்தான் அந்த ஆள் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று விளக்கினார்.

இந்தக் கதையை எழுதிவைத்தவர் ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரத்து உலகக் கண்காட்சியையொட்டி நடந்த அறிவியல் மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. அந்தச் சாக்கில் மனைவி மரியானாவோடு ஏறத்தாழ மூன்று மாதம் அமெரிக்காவைச் சுற்றினார். சிகாகோவின் கசாப்புத் தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஒக்லஹோமாப் பக்கம் போனார். வட கரோலினாவில் மவுன்ட் ஏரி என்ற சிற்றூரில் தாய்வழி உறவினர் வீட்டில் தங்கியபோது, குளிர்ந்த நீர்நிலை ஒன்றில் ஆட்களை முழுக்கி எடுக்கும் ஞானஸ்நானச் சடங்கைக் கரையில் நின்று பார்த்தார். முழுகியவர்களில் ஒரு வாலிபரைக் காட்டி உறவினர் ஒருவர் முணுமுணுத்தார்: இவன் முழுகுவான் என்று முன்பே தெரியும், ஊரில் பேங்க் திறக்கப் போகிறானே! சுற்றுவட்டாரத்தில் பாப்டிஸ்டுகள் அவ்வளவு பேர் இருக்கிறார்களோ என்று வெபர் கேட்டார். இல்லை, ஆனால் சபை ஒருவனைச் சேர்க்குமுன் சிறுவயது முதலான அவன் நடத்தை முழுவதையும் துருவி விசாரிக்கும். அதில் தேறியவனிடம் எல்லாச் சாதி ஜனமும் நம்பிப் பணம் போடும் என்று பதில் வந்தது.

பக்தியைக் கண்டு நெகிழாமலும் போலித்தனம் என்று எள்ளாமலும், இதற்குள் ஏதோ ஓர் எந்திரம் ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்று கேட்டதில்தான் வெபர் சமூகவியலாளராகிறார். ஆனால் அந்த அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் அவரால் ஒரு வகுப்பைக்கூட ஒழுங்காக எடுக்க முடிந்ததில்லை. உழைப்பைப் பற்றி உலகம் இன்றும் சண்டை போடும் நூலை எழுதியவர், எழுதத் தொடங்குமுன் உழைக்கும் சக்தியையே இழந்து கிடந்தவர். இந்த ஒரு செய்தியை ஓரமாக வைத்துவிட்டு வெபரைப் படிப்பவர்கள் அவரை மதமும் பணமும் பற்றிய ஒரு சூத்திரமாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

1864 ஏப்ரல் 21இல் ஏர்ஃபுர்ட் நகரில் பிறந்தவர் அவர். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர். தந்தை பெயரும் மாக்ஸ் வெபர்தான். வழக்கறிஞர், பிறகு பெர்லினில் தேசிய லிபரல் கட்சி அரசியல்வாதி, நல்ல சாப்பாடும் சுகமும் பதவியும் வேண்டியவர். தாய் ஹெலனே கால்வின் மரபில் வளர்ந்த பக்தை, சிக்கனக்காரி, ஏழைகளுக்கு உதவுவதில் மனம் வைத்தவர். இரண்டு உலகங்கள் ஒரே கூரைக்கடியில் ஒன்றோடொன்று பேசாமல் வாழ்ந்தன. வீட்டு விருந்துக்கு வருபவர்களோ பெரிய மனிதர்கள்: வரலாற்றாசிரியர்கள் தியோடர் மொம்சென், ட்ரைட்ஷ்கே, மெய்யியலாளர் டில்தை. சிறுவன் மாக்ஸ் அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தான்.

சட்டம் படித்தார். 1889இல் இடைக்கால வணிகக் கூட்டுகளைப் பற்றி முனைவர் பட்டம். 1891இல் ரோமானிய நிலவுரிமை பற்றி அடுத்த ஆய்வு. 1892இல் எல்பே நதிக்குக் கிழக்கேயுள்ள பண்ணைக் கூலிகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை. 30 வயதில் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அடுத்து ஹைடல்பர்க். நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும் வீடு அவருடையது. உடம்பைக் கவனி என்று மனைவி சொன்னால், ஒரு மணி வரை வேலை செய்யாவிட்டால் நான் எப்படிப் பேராசிரியனாக இருப்பது என்கிற வகையில்தான் பதில் வரும்.

1897 கோடையில் அது உடைந்தது. தாய் தனியே மகன் வீட்டுக்கு வந்து சில வாரம் இருக்க ஆசைப்பட்டார். தந்தையும் பிடிவாதமாகக் கூடவே வந்துவிட்டார். ஹைடல்பர்க் வீட்டில் மகன் வெடித்தார். தாயை ஆண்டாண்டு காலமாக அடக்கிவைத்ததைச் சொல்லித் தந்தையின் முகத்துக்கு நேரே குற்றம்சாட்டி, வீட்டை விட்டுப் போகச் சொன்னார். ஆகஸ்டில், சமாதானம் ஆகாமலே தந்தை இறந்துபோனார். அடுத்த ஆண்டு மகனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு தடுமாறியது. படிக்கவும் எழுதவும் முடியவில்லை. மணிக்கணக்காகச் சன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார் என்று மரியானா பின்னாளில் எழுதினார். போடன் ஏரிக்கரையில் மருத்துவமனை வாசம், இத்தாலியில் நீண்ட ஓய்வு என்று ஆண்டுகள் கழிந்தன. தம் நோயைப் பற்றி வெபரே மருத்துவருக்காக எழுதிய ஒரு குறிப்பு இருந்தது. நாஜிக் காலத்தில் எதிரிகள் கையில் சிக்கிவிடும் என்ற அச்சத்தில் மரியானா அதை அழித்துவிட்டார். 1903இல் பேராசிரியர் பதவியை ராஜினாமா செய்தபோது வெபருக்கு வயது 39.

தந்தையைக் கொன்ற குற்றவுணர்ச்சிதான் நோய் என்று உளவியல் விளக்கம் தருவோர் பலர். இருக்கலாம். ஆனால் அதைவிடப் பயனுள்ளது வெபரே தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. வேலை செய்யாத நாளில் மனிதனாகவே இல்லை என்று ஒருவனுக்கு ஏன் தோன்றுகிறது? அந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது?

விடை தேடி எழுதியதுதான் ‘புராட்டஸ்டண்ட் அறமும் முதலாளித்துவத்தின் உணர்வும்’. அவர் கூட்டாசிரியராக இருந்த சமூக அறிவியல் இதழில் 1904, 1905 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. முதல் பகுதி அமெரிக்கா போகுமுன் எழுதியது. இரண்டாவது திரும்பி வந்தபின்.

நூலில் ஒரு கணக்கு வருகிறது. அறுவடைக் காலத்தில் பண்ணையார் துண்டுக்கூலி தருகிறார்: ஒரு மோர்கன் நிலம் அறுத்தால் 1 மார்க். ஆள் நாளைக்கு இரண்டரை மோர்கன் அறுத்து இரண்டரை மார்க் வாங்கிப் போகிறான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பண்ணையார் கூலியை 1.25 மார்க்காக உயர்த்துகிறார். இனி மூன்று மோர்கன் அறுப்பான் என்று எதிர்பார்த்தால், ஆள் இரண்டு மோர்கனோடு அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறான். அவனுக்கு வேண்டியது இரண்டரை மார்க், அது கிடைத்துவிட்டது. எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்பதற்குப் பதில், என் தேவைக்கு எவ்வளவு உழைத்தால் போதும் என்று கேட்கிறான். மனிதன் இயல்பாகவே இன்னும் இன்னும் என்று ஆசைப்படுபவன் என்ற பொருளியல் நம்பிக்கைக்கு இது சரியான அடி. ‘போதும்’ என்பதுதான் பழைய இயல்பு. அது எப்படிப் போயிற்று என்பதையே விளக்க வேண்டும்.

இன்னொரு காட்சி துணி வியாபாரம். கிராமத்து நெசவாளர்கள் துணியைக் கொண்டுவந்து தருவார்கள், வியாபாரி வழக்கமான விலையைக் கொடுப்பார், நாளில் ஐந்தாறு மணி நேர வேலை, மாலையில் நண்பர்களோடு மது. ஒருநாள் அதே தொழில்குடும்பத்து இளைஞன் ஒருவன் கிராமத்துக்கே போகிறான். நெசவாளர்களைப் பொறுக்கி எடுத்துக் கண்டிப்பாக வேலை வாங்குகிறான். வாங்குபவர்களை நேரில் தேடிப் பிடித்து, குறைந்த லாபத்தில் நிறைய விற்கிறான். புது எந்திரம் எதுவும் வரவில்லை, புது முதலும் வரவில்லை. ஆனாலும் பழைய சுகவாசம் அத்தோடு முடிந்தது. இந்த இளைஞனின் சாயல் வெபரின் பெரியப்பா கார்ல் டேவிட் வெபருடையது. ஓர்லிங்ஹவுசனில் லினன் துணி ஆலை நடத்தியவர்; மரியானாவுக்கு அவர் தாத்தா. அவர் இறந்தபின் 1907இல் மரியானாவுக்கு வந்த சொத்தில்தான், சம்பளமில்லாத வெபர் தம் பெரிய நூல்களை எழுதினார்.

இந்தப் புது மனிதனுக்கு வேர் எங்கே? பைபிளை மொழிபெயர்த்தபோது லூத்தர் பயன்படுத்திய ‘பெரூஃப்’ என்ற சொல்லில் வெபர் கைவைக்கிறார். அதற்குத் தொழில் என்றும் பொருள், கடவுளின் அழைப்பு என்றும் பொருள். தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிபடும். ஒரே வேரிலிருந்து அலுவலகத்தில் ‘ஊழியர்’, திருச்சபையில் ‘ஊழியக்காரர்’ என்று இரண்டையும் நாம் வைத்திருக்கிறோம். மடத்துத் துறவியின் நோன்பைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது அந்தச் சொல். அடுத்து கால்வின் வந்தார். யாருக்கு மீட்பு, யாருக்கு நரகம் என்பதைக் கடவுள் உலகம் உண்டாகுமுன்பே முடிவு செய்துவிட்டார். பூசை, பாதிரியார், தானம் எதுவும் அதை மாற்றாது என்பது அவர் போதனை. இதை உண்மையாகவே நம்பியவனின் இரவு எப்படி இருக்கும்! நான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா? போதகர்கள் தந்த நடைமுறை மருந்து: சந்தேகத்துக்கு இடம்கொடுக்காமல் ஓயாது உழை. உழைப்பு செழித்தால் அது அருளின் அடையாளமாகத் தெரிந்தது. சம்பாதித்ததை அனுபவிக்கவோ தடை. செலவழிக்க முடியாத லாபம் மறுபடி தொழிலுக்கே போயிற்று.

முதலாளித்துவத்தை உண்டாக்குவது கால்வினின் நோக்கமும் இல்லை, பக்தர்களின் நோக்கமும் இல்லை. மோட்ச பயம் பணமூட்டையைக் கட்டியது. பேராசை பாபிலோனிலும் சீனாவிலும் இந்தியாவிலும் எப்போதும் உண்டு. அதை விளக்க மதம் தேவையில்லை என்று வெபர் தெளிவாகவே சொல்கிறார். பொருளாதாரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற வாதத்தின் இடத்தில் கருத்தே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற இன்னொரு ஒற்றைக்கண் வாதத்தை வைப்பது தம் எண்ணமில்லை என்று நூலின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். கடைசிப் பக்கம் வரை போகிறவர்கள் குறைவு போலும்.

இந்த வாதம் நின்றதா? பாதி நின்றது. தொடக்கத்தில் வெபர் காட்டும் புள்ளிவிவரம் அவர் மாணவர் ஆஃபன்பாகர் பாடன் மாநிலத்தைப் பற்றித் தொகுத்தது. அதில் ஒருவகை உயர்நிலைப் பள்ளியில் புராட்டஸ்டண்ட் மாணவர் 69 சதவீதம் என்றிருந்தது. ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார வரலாற்றாசிரியர் குர்ட் சாமுவல்சன் அந்த வரிசையைக் கூட்டிப் பார்த்தார். மொத்தம் 109 வந்தது. சரியான எண் 59. அரை நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் அறிஞர்கள் மேற்கோள் காட்டிய அட்டவணையை அதற்குமுன் எத்தனை பேர் கூட்டிப் பார்த்தார்களோ! பின்னால் வந்த கணக்காளர்கள் இன்னும் கறாரானவர்கள். 2009இல் சாஷா பெக்கரும் லுட்கர் வோஸ்மனும் 1871ஆம் ஆண்டுப் பிரஷ்யாவின் 452 மாவட்டங்களை ஆராய்ந்து, புராட்டஸ்டண்ட் பகுதிகள் வளமாக இருந்தது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் எழுத்தறிவு என்றார்கள். ஒவ்வொருவரும் பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்றார் லூத்தர். படிக்கத் தெரிந்தவன் கணக்கும் எழுதினான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமுமாகத் தொடங்கியதும் அதே வழக்கம்தான். பொருளியலாளர் டாவிடே கான்டோனி 1300 முதல் 1900 வரை 272 ஜெர்மன் நகரங்களின் வளர்ச்சியைப் பார்த்து, புராட்டஸ்டண்ட் நகரங்கள் வேகமாக வளரவில்லை என்று முடித்தார்.

ஆக, எந்த மதத்தவர் பணக்காரர் ஆனார் என்ற கேள்வியாகப் படித்தால் வெபர் தோற்கிறார். ஆனால் நூலின் உயிர் அந்தக் கேள்வியில் இல்லை. கால்வின் வழிவந்த தூய்மைவாத சபையினர் விரும்பி அப்படி உழைத்தார்கள். நாமோ அப்படி உழைத்தே ஆக வேண்டும் என்பதில் இருக்கிறது. உலகப் பொருள் மேலே போட்ட மெல்லிய அங்கி போலத் தோளில் கிடக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்றார் ஆங்கிலப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர். அந்த அங்கி எஃகாக இறுகிப்போயிற்று என்கிறார் வெபர்.

அவர் எழுதிய ஜெர்மன் தொடரை அமெரிக்க சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1930இல் ‘இரும்புக் கூண்டு’ என்று மொழிபெயர்த்தார். அது பிரபலமாகி, வெபரின் முத்திரைத் தொடராகவே ஆகிவிட்டது. மூலத்தில் இருப்பது எஃகு போல் கெட்டியான ஓர் உறை, ஓடு. வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். கூண்டுக்குள் இருப்பவன் வெளியே போக ஏங்குவான். கதவு திறந்தால் அப்படியே வந்துவிடுவான். நத்தையை ஓட்டிலிருந்து பிடுங்கினால் நத்தை இருக்காது. பார்சன்ஸின் கூண்டில் மனிதன் கைதி. வெபரின் ஓட்டில் மனிதனே வேறு வகையாகிவிட்டான். விடுமுறை நாளில் கை பரபரக்கும் எவருக்கும் எது சரியான மொழிபெயர்ப்பு என்று தெரியும்.

இனி இந்தியா. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916, 1917 ஆண்டுகளில் இந்துமதமும் பௌத்தமும் பற்றிய வெபரின் நீண்ட ஆய்வு அதே இதழில் வெளிவந்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. கையில் இருந்தவை மொழிபெயர்ப்பில் கிடைத்த வடமொழி நூல்கள், அரசு கெசட்டியர்கள், 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள். பின்னால் நூலானபோது அதைத் தம் தோழியும் பியானோ கலைஞருமான மினா டோப்ளருக்குக் காணிக்கையாக்கினார்.

இந்து மதம் சோம்பேறித்தனத்தைப் போதிக்கிறது, அதனால் இந்தியா வளரவில்லை என்று வெபர் சொன்னதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். நூலைத் திறந்தால் முதலிலேயே எதிர்மாறானது வருகிறது: இடமதிப்பு எண்முறை இந்தியாவில் பிறந்தது, வணிகமும் கடனும் செழித்தன, கைத்தொழில் நுட்பமாகப் பிரிந்திருந்தது, வணிகர்கள் இடைக்கால ஐரோப்பிய வணிகருக்குக் குறைந்தவர்களல்ல. அப்படியிருந்தும் நவீன முதலாளித்துவம் உள்ளிருந்தே ஏன் எழவில்லை என்பதுதான் அவர் கேள்வி. தீட்டினால் பல சாதியார் ஒரே பட்டறையில் வேலை செய்ய முடியாமல் போயிற்று என்ற எளிய விடையையும் அவர் ஏற்கவில்லை. வேலையில் இருக்கும் கைவினைஞனின் கை எப்போதும் சுத்தம் என்ற தர்மசாஸ்திர விதியை எடுத்துக் காட்டினார். தென்னாட்டு வலங்கை, இடங்கைப் பிரிவும் கம்மாளர்களும் அவர் பக்கங்களில் வருகிறார்கள்.

அவர் கண்ட தடை கர்மமும் பிறவிச் சுழலும் சேர்ந்த கணக்கு. இப்பிறவியில் தன் சாதிக்குரிய தொழிலைப் பிசகாமல் செய்தவனுக்கே அடுத்த பிறவியில் ஏற்றம். தொழிலை மாற்றுபவன் மறுமையைப் பணயம் வைக்கிறான். தாழ்த்தி வைக்கப்பட்டவனுக்கே இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவதில் அதிக லாபம் என்று தோன்றச் செய்யும் தர்க்கம் இது என்று வெபர் வியந்தார். இதில் அவர் கண் கூர்மையானது, காதுதான் கேட்கவில்லை. நூல் சொல்வதை மக்கள் நம்பினார்கள் என்று எடுத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்டோர் தம் நிலைக்குத் தாங்களே சொன்ன கதைகளில் முற்பிறவிப் பாவம் வருவதைவிட, ஏமாற்றப்பட்டோம், இழந்தோம் என்பதே மிகுதி. சாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்தத் துடித்த ஆணையர் ரிஸ்லியின் 1901 கணக்கெடுப்பை, இருக்கும் நிலையின் படமாக அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு வழுக்கல். அந்த வரிசையில் தங்களுக்குக் கொடுத்த இடத்தை எதிர்த்துச் சாதிச் சங்கங்கள் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

வெபரின் இந்த வாதத்துக்குச் சோதனை சென்னையிலேயே நடந்தது. சிகாகோ மானிடவியலாளர் மில்டன் சிங்கர் 1960களில் சென்னைத் தொழிலதிபர்களைச் சந்தித்து, வீட்டையும் ஆலையையும் கோயிலையும் எப்படி ஒட்டவைக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவர்களுக்கு அது பெரிய சிக்கலாகவே இருக்கவில்லை. ஆலையில் ஒரு சட்டம், வீட்டில் ஒரு சட்டம் என்று பிரித்துக்கொண்டு, கர்மம், தர்மம் என்ற சொற்களுக்கே தொழிலுக்கு ஏற்ற அர்த்தமும் கொடுத்துக்கொண்டார்கள். 1972இல் வந்த அவர் நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

இன்னும் பலமான மறுப்பு செட்டிநாட்டிலிருந்து வந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றி 1994இல் டேவிட் ருட்னர் எழுதிய நூல், சாதியும் உறவும் கோயிலும் முதலாளித்துவத்துக்குத் தடை என்ற எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பியது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த அந்தச் சமூகத்தில், ஒருவரை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்பதைத் தீர்மானித்தது எந்தக் கோயில் பிரிவு, எந்த வீட்டுச் சம்பந்தம் என்பதே. வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்குப் போகும். கோயில் திருப்பணி செய்தவர் பெயர் ஊரில் நிற்கும். பெயர் நின்றால் அவர் எழுதும் உண்டியல், அதாவது பணமாற்றுச் சீட்டு, செல்லும். முதலாளியிடம் சம்பளத்துக்கு வெளிநாடு போன இளைஞன் கணக்கும் வட்டியும் கற்று, பிற்பாடு தானே கடை வைத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. நகரத்தாரின் கோயிலும் மவுன்ட் ஏரியின் பாப்டிஸ்ட் நீர்நிலையும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: இவனை நம்பலாம் என்று முத்திரை குத்தும் வேலை. வெபர் வட கரோலினாவில் அந்த முத்திரையை உடனே கண்டுகொண்டார். காரைக்குடிக்கு வந்திருந்தால் இங்கும் கண்டிருப்பார். நூலகத்தில் இருந்ததால் கர்மத்தைக் கண்டார். சபையில் சேர்வது தனிமனிதன் தேர்ந்து எடுத்த முடிவு, கோயில் பிரிவோ பிறப்பால் வருவது என்று அவர் தரப்பில் வாதாடலாம். அந்த வேறுபாடு மெய்யானதுதான். கடன் கொடுப்பவனுக்கு அது பொருட்டில்லை.

அவருடைய மற்றக் கருத்துகள் இன்று பேசுவோருக்கே தெரியாமல் பேச்சில் கலந்துவிட்டன. ஒரு நிலப்பரப்புக்குள் வன்முறையைப் பயன்படுத்தும் நியாயமான உரிமை தனக்கு மட்டுமே என்று சொல்லிச் சாதித்துக்கொள்வதே அரசு என்ற வரையறை அவருடையது. 1919 ஜனவரியில், புரட்சி பொங்கிக்கொண்டிருந்த மியூனிக்கில் மாணவர்களிடையே சொன்னது. மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்ற கேள்விக்கு மூன்று விடை வைத்தார்: காலங்காலமான வழக்கம், சட்டம், ஒரு தனி மனிதரிடம் இருப்பதாக நம்பப்படும் அசாதாரண ஆற்றல். மூன்றாவதுக்கு அவர் வைத்த பெயர் கரிஸ்மா. பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களிலிருந்து சபை வரலாற்றாசிரியர் ரூடால்ஃப் ஸோம் வழியாக அவருக்கு வந்த சொல். தமிழ் பைபிள் அதற்கு ‘வரம்’ என்கிறது. சினிமாப் பக்கங்கள் இன்று முகவெட்டுக்குப் பயன்படுத்தும் சொல்லைவிட ‘வரம்’ வெபருக்கு எவ்வளவோ நெருக்கம். வரம் பெற்றவர் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியாக வேண்டும், காட்ட முடியாத நாளில் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர் கருத்தின் பாதி. வரம் பெற்றவர் போனபின் வாரிசு யார் என்ற சண்டை மீதிப் பாதி.

கோப்பும் படிநிலையும் சம்பளமும் ஓய்வூதியமும் கொண்ட அதிகாரிகள் ஆட்சியை அவர் வெறுத்தார் என்றும் புகழ்ந்தார் என்றும் இரண்டுவிதமாகச் சொல்கிறார்கள். எந்திரத் தறிக்கும் கைத்தறிக்கும் உள்ள வேறுபாடு எப்படியோ அப்படி அது மற்ற நிர்வாக முறைகளை மிஞ்சும் என்று கண்டார். மிஞ்சும் என்பதாலேயே பயந்தார். தனியார் முதலாளியை ஒழித்தால் தொழிலாளி விடுதலை ஆகமாட்டான், அரசாங்க அதிகாரியின் கையில் சேருவான் என்று சோவியத் நாடு உருவான காலத்திலேயே எச்சரித்தார்.

அவரது அரசியலில் மன்னிக்க முடியாத பக்கமும் உண்டு. 1895இல் ஃப்ரைபுர்க்கில் பதவியேற்றபோது ஆற்றிய உரையில், கிழக்குப் பண்ணைகளில் கூலிக்கு வந்த போலந்துக்காரர்களைத் தாழ்ந்த வகை மனிதராகப் பேசி, எல்லையை மூடச் சொன்னார். அதே மனிதர் அமெரிக்காவில் கறுப்பின அறிஞர் டு பாய்ஸைச் சந்தித்து, தம் இதழுக்குக் கட்டுரை வாங்கி 1906இல் வெளியிட்டார். 1910இல் ஃப்ராங்ஃபுர்ட்டில் நடந்த முதல் ஜெர்மன் சமூகவியல் மாநாட்டில், இனவாதம் பேசிய ஆல்ஃப்ரட் ப்ளோட்ஸை மேடையிலேயே மறித்து, அமெரிக்கத் தென்மாநிலங்களில் தமக்குத் தெரிந்த முதன்மையான சமூகவியலாளர் ஒரு கறுப்பர் என்று டு பாய்ஸைச் சுட்டினார். பதினைந்து ஆண்டில் மனிதர் மாறினார். தேசியவாதம் மட்டும் மாறவில்லை. 1918 டிசம்பரில் ஜெர்மனியின் புதிய வைமர் அரசியலமைப்புக்கான ஆலோசனையில் கலந்துகொண்ட அவர், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கட்சிப் பேரங்களுக்கு மேலே ஒரு வலுவான தலைவர் வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹிண்டன்புர்க்தான் 1933இல் ஹிட்லரைப் பிரதமராக்கினார். 1959இல் இளம் வரலாற்றாசிரியர் வொல்ஃப்காங் மொம்சென் இந்தத் தொடர்பைச் சுட்டி நூல் எழுதினார். 1964இல் ஹைடல்பர்க்கில் வெபர் நூற்றாண்டு மாநாட்டில் அதன் அனல் வீசியது. மொம்சென் என்ற பெயர் தற்செயலானதல்ல. சிறுவன் மாக்ஸின் வீட்டு விருந்துக்கு வந்த தியோடர் மொம்செனின் கொள்ளுப்பேரன் அவர்.

உடல் தேறி 1918இல் வியன்னாவிலும் 1919இல் மியூனிக்கிலும் மறுபடி வகுப்பெடுக்கத் தொடங்கிய வெபர், 1920 ஜூன் 14இல் நிமோனியாவில் இறந்தார். வயது 56. அந்த ஏப்ரலில்தான் தங்கை லில்லி தற்கொலை செய்துகொண்டிருந்தார். அவருடைய நான்கு குழந்தைகளை எடுத்து வளர்ப்பதாக வெபர் தம்பதி முடிவு செய்திருந்தார்கள். குழந்தைகளும் மேசை நிறையக் கையெழுத்துப் பிரதிகளும் மரியானாவின் பொறுப்பாயின. அவர் வெறும் மனைவியல்ல. சட்ட வரலாற்றில் மனைவியின் நிலை பற்றி 1907இலேயே கனமான நூல் எழுதியவர், 1919இல் பாடன் மாநில அரசியலமைப்பு அவையில் உறுப்பினர். கிறுக்கலான அந்தக் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, கிடைத்த பகுதிகளை ஒன்றுசேர்த்து, 1921, 1922 ஆண்டுகளில் ‘பொருளாதாரமும் சமூகமும்’ என்ற பெரிய நூலாக வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதை வெபரின் தலையாய நூல் என்று படித்தார்கள்.

1984 முதல் 2020 வரை 47 தொகுதிகளாக வந்த முழுப்பதிப்பில் அந்த நூல் ஒரே நூலாக இல்லை. போருக்கு முன் எழுதிய குவியல்கள் தனி, 1920இல் வெபர் தம் கையால் அச்சுக்கு அனுப்பிய அத்தியாயங்கள் தனி என்று பதிப்பாசிரியர்கள் பிரித்துவிட்டார்கள். மரியானா எந்தத் தாளை எதன் பின்னால் வைத்தார், அதற்கு வெபரின் திட்டத்தில் ஆதாரம் உண்டா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.